மலையடிவாரத்து மண்பாதைகள்: அம்பையிலிருந்து பனங்காடு வரை சைக்கிளில்

ஜனவரி 11

கேள்வி இது: “சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே, மேகமலையைப் பார்த்தபடி மண்பாதையில் சைக்கிள் ஓட்டினேன். நெல்லைச் சீமையில் அப்படி ஏதாவது உண்டா? மாஞ்சோலையை விட்டால் ஒன்றும் இல்லை என்கிறார்களே?”

திராட்சை கிடையாது. கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சைக்கு இங்கே ஈடு தேட வேண்டாம். மலை உண்டு, மண்பாதை உண்டு, தாகத்துக்குப் பதநீர் உண்டு. மாஞ்சோலையை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். மணிமுத்தாற்றில் செக்போஸ்ட் இருக்கிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் மேலே போக முடியாது. போனாலும் அது தார் போட்டுத் தேய்ந்த மலைச்சாலைதான். மண்பாதைக்கும் சரளைக்கும் ஏற்ற அகல டயர் போட்ட கிராவல் சைக்கிளுக்கு என்று அங்கே தனியாக ஒன்றும் இல்லை.

இங்கே மண்பாதை என்றால் கால்வாய்க் கரையும் குளத்துக் கரையும்தான். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். மேலிருந்து வந்தால் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியது மட்டும் வெள்ளைக்காரன் கட்டியது, மற்றவை அவனுக்கு முந்தியவை. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிகிறது, ஒவ்வொரு கால்வாயும் வரிசையாகக் குளங்களை நிரப்பிக்கொண்டு போகிறது. இந்தக் கரைகளையெல்லாம் கோர்த்தால் வாரக்கணக்கில் ஓட்டலாம். கால்வாய் வெட்டியவன் ஏற்றம் வைக்க மாட்டான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மலை பக்கத்திலேயே வரும், காலுக்கு வேலை இருக்காது.

ஜனவரி 12

டயர் அகலம் எத்தனை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 40 மில்லிமீட்டருக்குக் கீழே வேண்டாம். ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர் போட்டு, உள்ளே ஓட்டையைத் தானே அடைக்கிற சீலண்ட் திரவத்தை ஊற்றுங்கள். காரணம் கல் இல்லை, முள். உடமுள்ளைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், கோபம் தணியட்டும்.

ஜனவரி 17

உடமுள். வயலுக்குள் ஆடு வராமல் இருக்க வேலியில் வெட்டிப் போடுவார்கள். காய்ந்ததும் ஒடிந்து பாதையில் சிதறும். அதோடு சீமைக் கருவேலம் கரை நெடுக நிற்கிறது. முள் மண்ணின் நிறத்தில்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தில் ஏறியதும் ஒரு ‘டிக்’ சத்தம், அப்புறம் சுற்றுக்குச் சுற்று ‘டிக் டிக்’. அந்தச் சத்தம் கேட்டால் உடனே பிடுங்காதீர்கள். முள் உள்ளே இருக்கும்வரை அதுவே அடைப்பு. நிழலாக ஒரு இடம் பார்த்து, ஓட்டை கீழே வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி நிறுத்தி, பிறகு பிடுங்குங்கள். சீலண்ட் வெள்ளையாகக் கொப்பளித்து வரும், சக்கரத்தை நாலு சுற்றுச் சுற்றினால் நிற்கும். நெருஞ்சி அதைவிட எளிது, அது ஆழமாக இறங்குவதில்லை. ஆனால் ஒரே இடத்தில் முப்பது நாற்பது ஏறும்.

ட்யூப் போட்டு ஓட்டுகிறவர்கள் பஞ்சர் கடையை நம்ப வேண்டாம். கடைக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் நீங்கள் நிற்பது குளத்துக் கரையில். கடை இருப்பது அடுத்த ஊர் பஸ் நிறுத்தத்தில்.

பொங்கலுக்கு மறுநாள் கரைப்பக்கம் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போகலாம், ஆனால் சைக்கிளுக்கு இடம் இருக்காது. ஊர் மாடு முழுக்கப் படித்துறையில் நிற்கும், அதில் பாதி சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

ஜனவரி 26

முதல் வழியைச் சொல்லுங்கள் என்கிறவர்களுக்கு: கன்னடியன் கால்வாய். கல்லிடைக்குறிச்சியில் ஏறி வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று கிழக்கே போகலாம். கரை முழுக்க ஒரே மாதிரி இல்லை. சில இடத்தில் தார், சில இடத்தில் செம்மண் சரளை, சில இடத்தில் ட்ராக்டர் உழுது வைத்த இரண்டு பள்ளமும் நடுவில் புல்மேடும். அந்தப் புல்மேட்டில் ஓட்டாதீர்கள், உள்ளே கல் இருக்கும். பள்ளத்திலேயே போங்கள்.

தெற்கே திரும்பிப் பார்த்தால் மலை சுவராக நிற்கும். மழை பெய்து ஓய்ந்த காலை என்றால் மடிப்பு மடிப்பாகத் தெரியும், வெள்ளைக் கோடாக அருவி இறங்குவதும் தெரியும். மற்ற நாளில் வெறும் நீலம்.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை உண்டு. கன்னடத்திலிருந்து வந்த ஒருவர் தமக்குக் கிடைத்த செல்வத்தை என்ன செய்வது என்று பொதிகையில் அகத்தியரைத் தேடிப்போய்க் கேட்டார், பசு போன வழியே கால்வாய் வெட்டச் சொன்னார் அகத்தியர், பசு படுத்த இடமெல்லாம் குளம் என்று சொல்வார்கள். கதை எப்படியோ, அந்தப் பசுவுக்கு மட்டம் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 27

நேற்று எழுதியதில் முக்கியமானதை விட்டுவிட்டேன் என்று கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவர் சரியாகவே திட்டியிருக்கிறார். படித்துறை.

கால்வாய் ஊருக்குள் வரும் இடமெல்லாம் படித்துறை இருக்கும். காலை ஆறிலிருந்து எட்டு வரை பெண்கள் குளிப்பார்கள், துணி துவைப்பார்கள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தலையில் ஹெல்மெட், அதில் கேமரா வேறு என்று ஒருவன் அந்த வழியாக வந்தால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? ஊர் எல்லையிலேயே கரையை விட்டு இறங்கித் தெருவழியே போய், ஊரைத் தாண்டி மறுபடி ஏறுங்கள். இறங்க வழி இல்லாவிட்டால் தூரத்திலேயே மணி அடித்து, சைக்கிளை விட்டு இறங்கி, மறுபக்கம் பார்த்தபடி தள்ளிக்கொண்டு போங்கள். கேமராவை அணைத்து விடுங்கள். கேமரா இருந்ததால் வாக்குவாதமான ஒரு காலையை நான் கூட நின்று பார்த்திருக்கிறேன். தவறு அந்த அக்காக்கள் பக்கம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கூச்சமாக இருக்கிறது. விடியற்காலையில் குளத்துக் கரையின் வெளிப்பக்கம் ஆண்களின் நேரம். மூக்கே வழி சொல்லும். ஆறரைக்கு மேல் போங்கள்.

பிப்ரவரி 8

கால்வாய்க் கரை சப்பை, ஏற்றமே இல்லாமல் என்ன கிராவல் என்று கோவில்பட்டி நண்பர் ஒருவர் கிண்டல் செய்கிறார். சரி, அவருக்கு ஆழ்வார்குறிச்சி – சிவசைலம் – கடையம்.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து மேற்கே சிவசைலம். அங்கிருந்து கடனாநதி அணை. அணையைப் பார்த்துவிட்டு அடிவாரத்தை ஒட்டி வடக்கே ராமநதி அணைப் பக்கம். நடுவில் தென்னந்தோப்பு, எலுமிச்சை, கொய்யா, வாழை. தோப்புகளுக்கு நடுவே வண்டிப்பாதைகள் ஏறியும் இறங்கியும் போகும். ஓடைகள் நிறைய. ஓடையில் இறங்கும்போது மணலாக இருக்கும், ஏறும்போது உருண்டைக் கல்லாக இருக்கும். அதுதான் அவர் கேட்ட கிராவல். முன் பல்சக்கரத்தில் 40 பல், பின்னால் பெரியதில் 42 பல் இருந்தால் மிதித்து ஏறலாம். இல்லாவிட்டால் தள்ளலாம், யாரும் பார்க்க மாட்டார்கள், குரங்கைத் தவிர.

பாதி பாதை தனியார் தோப்புக்குள் போகிறது. கம்பி கட்டியிருந்தால் திரும்பிவிடுங்கள். திறந்திருந்தால் மோட்டார் ரூம் பக்கம் யாராவது இருப்பார்கள், கேளுங்கள். நான் கேட்ட பெரியவர் வழி சொல்வதற்கு முன் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “எம்புட்டு தம்பி?” சொன்னேன். “இம்புட்டு துட்டு குடுத்தும் ஸ்டாண்டு தரலியா?” கேரியரும் இல்லை என்று அவராகவே கண்டுபிடித்து, பாவம் பார்த்து இரண்டு எலுமிச்சம்பழம் கொடுத்தார். வைக்க இடமில்லாமல் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

திராட்சைப் பந்தலுக்குப் பதில் என்ன என்று கேட்டவருக்கும் இதே வழிதான். இன்னும் வடக்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கம் போனால் எலுமிச்சை இன்னும் அடர்த்தி. பூத்திருக்கும் நேரம் வாசனையிலேயே ஓட்டலாம்.

பிப்ரவரி 9

கரடி பற்றிக் கேட்கிறார்கள். கடையம், சிவசைலம், பாபநாசம் அடிவாரம் எல்லாவற்றிலும் உண்டு. யானை வாழைக்கும் தென்னைக்கும் இறங்கும். சிறுத்தை நாய்க்கும் ஆட்டுக்கும் வரும். இதில் கரடிதான் சைக்கிள்காரனுக்கு மோசம். சத்தமில்லாமல் வளைவில் திரும்புகிற வண்டி அதற்குப் பிடிக்காது, திடுக்கிட்டால் ஓடாது, பாயும். வெயில் ஏறிய பிறகு போங்கள், மாலை ஐந்துக்குள் ஊருக்கு வந்துவிடுங்கள், வளைவில் மணி அடியுங்கள். ஹெட்லைட் வாங்கிவிட்டோமே என்று இருட்டில் போகாதீர்கள். வேலியில் மின்சாரம் இருக்கும், அது லேசாக உதறுகிற சோலார்தானா, நேர் கரண்டா என்று இருட்டில் யாரும் வந்து சொல்லப் போவதில்லை.

மார்ச் 2

பிசான நெல் அறுவடை. கரைப்பக்கம் போகும் யோசனையைப் பங்குனி பாதி வரை தள்ளிவையுங்கள். அறுவடை இயந்திரம் ஏறி இறங்கின இடத்தில் கரை உடைந்திருக்கிறது, வைக்கோல் கட்டு ஏற்றின லாரி வழியை அடைக்கிறது. தார் ரோட்டில் பாதி நெல் காய்கிறது. காய்கிற நெல்லின் மேல் சைக்கிள் ஏறக் கூடாது. ஏற்றிவிட்டு, கார்காரன் ஏற்றவில்லையா என்று வாதாடாதீர்கள்.

அறுத்து முடிந்தபிறகு வயலில் ஆட்டுக் கிடை போடுவார்கள். ஆயிரம் ஆடு, இரண்டு நாய், மேய்க்கிற கீதாரி ஒருவர். அந்த நாய்களிடம் ஓட்டப் பந்தயம் வேண்டாம். இறங்கி நின்றால் போதும், குரைத்துவிட்டுப் போய்விடும்.

மார்ச் 3

ட்யூப்லெஸ் தேவையே இல்லை, எங்க அப்பா ஹெர்குலஸில் நாற்பது வருஷம் இதே கரையில் புல்லுக்கட்டோடு போனார் என்று ஒருவர். போயிருப்பார். அவருக்கு இந்தக் கரையில் எந்த இடத்தில் முள் கிடக்கும் என்று தெரியும். வெளியூர்க்காரனுக்கு அந்த அறிவு இல்லை, அதற்குப் பதிலாகத்தான் சீலண்ட்.

மார்ச் 22

இது கொஞ்சம் நீளம். திராட்சை கேட்டவருக்கு நான் உண்மையாகச் சொல்ல நினைத்த வழி இதுதான், பதநீர் இறங்கட்டும் என்று காத்திருந்தேன்.

மணிமுத்தாறு அணை காமராஜர் காலத்தது, 1958-ல் முடிந்தது, உயரம் 118 அடி. அதிலிருந்து புறப்படுகிற பிரதான கால்வாயை ஊரில் 80 அடிக் கால்வாய் என்பார்கள். தாமிரபரணித் தண்ணீர் எட்டாத வறண்ட காட்டுக்காக வெட்டியது. ரீச் ரீச்சாக, அதாவது பகுதி பகுதியாக, நாங்குநேரிப் பக்கம், சாத்தான்குளம் பக்கம் என்று போகிறது. பொதுவாக வடகிழக்குப் பருவமழை பெய்து அணை நிறைந்தால்தான் இதில் தண்ணீர் விடுவார்கள். மற்ற மாதமெல்லாம் சும்மா கிடக்கும் அகலக் கால்வாய், பக்கத்தில் அகலக் கரை. கன்னடியன் மாதிரி படித்துறை இல்லை, தெரு இல்லை. சரளை கெட்டி. ஒரு மடையைத் தாண்டினால் அடுத்த மடை வரை ஆளே வரமாட்டார்கள்.

அணையில் புறப்படும்போது முதுகுக்குப் பின்னால் மலை, இரண்டு பக்கமும் வாழையும் நெல்லும். கிழக்கே போகப் போக வாழை குறையும், நெல் குறையும், மண் வெளுக்கும், பிறகு சிவக்கும். மூலைக்கரைப்பட்டிப் பக்கம் வந்தால் பனை. ஒரே நாளில் ஈரக் காட்டிலிருந்து வறண்ட காட்டுக்கு மலையிறங்காமலேயே வந்துவிடலாம். கரை சில இடத்தில் முள் மூடிக் கிடக்கும், அங்கே இறங்கிக் கிராமச் சாலையில் போய் மறுபடி ஏற வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் கரை வெளிர் கோடாகத் தெரிந்தால் போகலாம், பச்சையாகத் தெரிந்தால் முள் என்று அர்த்தம். புறப்படும் முன் வீட்டிலேயே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே போனபின் சிக்னலும் ஒழுங்காக இருக்காது.

பதநீர் மாசியில் தொடங்கி ஆடி வரை. காலையில் இறக்கியதுதான் குடிக்க. பனையேறி இறங்கும்போது இடுப்பில் பாளை அரிவாளும் கலயமும் இருக்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள், அதனால்தான் புளிக்காமல் நிற்கிறது. கலயத்துக்குள் எட்டிப் பார்த்தால் எறும்பும் தேனீயும் மிதக்கும். முகம் சுளிக்க வேண்டாம், பனையின் வலை போன்ற நார்ப் பன்னாடையைக் கலயத்தின் வாயில் வைத்து வடிகட்டித்தான் ஊற்றுவார்கள். பச்சை ஓலையை மடக்கிப் பட்டை பிடித்துக் கையில் தருவார்கள். இரண்டு கையாலும் ஏந்தி விளிம்பில் வாய் வைக்க வேண்டும். முதல் தடவை பாதி சட்டையில் ஊற்றிக்கொள்வீர்கள், பக்கத்தில் நிற்கிற சிறுவன் சிரிப்பான். மாங்காய் சீவிப் போட்டுத் தந்தால் மறுக்காதீர்கள். இனிப்பும் புளிப்பும் ஓலை வாசனையுமாக, முப்பது கிலோமீட்டர் ஓட்டிய உடம்புக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இரண்டு பட்டைக்கு மேல் குடித்துவிட்டு உடனே ஏறி மிதிக்காதீர்கள். வயிறு தனியாக ஒரு பக்கம் ஆடும்.

பத்து மணிக்கு மேல் போனால் பதநீர் இருக்காது. விடிலி என்கிற ஓலைக் குடிசையில் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள், கருப்பட்டிக்கு. அதுவும் பார்க்க வேண்டியதுதான். அகலமான சட்டி, கீழே பனை மட்டையும் ஓலையும் எரியும், மேலே நுரை பொங்கிப் பொங்கி அடங்கும். பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி வைப்பார்கள். சூடாக ஒரு விள்ளல் கேட்டு வாங்கி வாயில் போட்டேன், நாக்கு மாலை வரை எரிந்தது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நெல்லையில் பாதிக் கடைகளில் விற்கிறதெல்லாம் உடன்குடி என்றுதான் சொல்கிறார்கள். காட்டில் நேரில் வாங்குங்கள், சைக்கிள் பையில் கருப்பட்டி உருகாது.

மார்ச் 23

கள்ளு கிடைக்குமா? கிடைக்காது, கேட்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. பனையேறியிடம் போய்க் கண்சிமிட்டிக் கேட்டால் வம்பு உங்களுக்கு இல்லை, அவருக்கு. கம்பத்துத் திராட்சையைச் சாப்பிட்டுவிட்டு ஒயின் எங்கே என்று தோட்டக்காரரிடம் கேட்டீர்களா?

ஏப்ரல் 20

தேரிக்காடு ஓட்டலாமா என்று விடாமல் கேட்கிறார்கள், படம் பார்த்து மயங்கியவர்கள். குதிரைமொழித் தேரி இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986-ல் பிரிவதற்கு முன் அதுவும் நெல்லைச் சீமைதான், அதனால் இந்த இழையில் இடம் கொடுக்கலாம். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. காற்று கொண்டுவந்து குவித்த மணல், இரும்புச் சத்து பூசியது. அது சரளை இல்லை, பொடி. 45 மில்லிமீட்டர் டயரில் காற்றை எவ்வளவு இறக்கினாலும் முன்சக்கரம் புதைந்து நீங்கள் கைப்பிடி மேலே போவீர்கள். தேரியைச் சுற்றி ஓரமாகத் தார்ச்சாலை இருக்கிறது, கோயில்களுக்குப் போகும் பாதைகள் இருக்கின்றன. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் வரை சாலையில் போய், சைக்கிளைப் பூட்டிவிட்டு, செருப்பைக் கழற்றாமல் நடந்து பாருங்கள். ஏப்ரலில் அதையும் காலை ஏழு மணிக்குள்.

மே 4

யாரும் எதுவும் கேட்காதீர்கள். கத்தரி. நான் இந்த மாதம் ஓட்டவில்லை.

ஜூன் 7

காற்று வந்துவிட்டது. இந்த ஊரில் சைக்கிள்காரனுக்கு மலையைவிடக் காற்றுதான் பெரிய ஏற்றம், இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து தென்காசி, பாவூர்சத்திரம், சுரண்டை என்று கிழக்கே விரியும். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் அதே கதை, அதனால்தான் பணகுடி, முப்பந்தல் பக்கம் அத்தனை காற்றாலை. ஆனி, ஆடியில் மேற்கு நோக்கி மிதித்தால் சமதரையிலேயே மலை ஏறுகிற கியரில்தான் போவீர்கள். காலை எட்டு மணிக்கு முன் கொஞ்சம் சாதுவாக இருக்கும். அதன்பின் கரை மேல் பக்கவாட்டில் அடித்தால் கால்வாய்க்குள் தள்ளிவிடும். இந்த மாதம் கால்வாயில் தண்ணீரும் இருக்கும், வழக்கமாகக் கார் பருவ நெல்லுக்கு ஜூனில்தான் திறப்பார்கள்.

வழி எளிது. மேற்கே ரயிலில் போங்கள், கிழக்கே சைக்கிளில் வாருங்கள். செங்கோட்டை வண்டியில் ஏறி அம்பாசமுத்திரத்திலோ கீழக்கடையத்திலோ தென்காசியிலோ இறங்குங்கள். காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். திருநெல்வேலி வரும்போது நீங்கள் பெரிய வீரர் என்று உங்களுக்கே தோன்றும்.

ஜூன் 8

ரயிலில் சைக்கிளை எப்படி ஏற்றுவது? இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பையில் போட்டு, கதவோரத்தில் வழி மறைக்காமல் வையுங்கள். முழுசாக உருட்டிக்கொண்டு போனால் பார்சல் என்பார்கள். பை இல்லாவிட்டால் பழைய போர்வை, இரண்டு கயிறு. அதில் கட்டினால் மூட்டை மாதிரி இருக்கும், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எண்ணெய்ச் சங்கிலி வெளியே தெரியாமல் சுற்றுங்கள். பூ வியாபாரம் செய்கிற ஆச்சியின் சேலையில் கறை பட்டால் தென்காசி வரை கேட்டுக்கொண்டே வர வேண்டியிருக்கும்.

ஜூலை 6

பிப்ரவரியில் சொன்ன கடையம் அடிவார வழி தை, மாசிக்குத்தான். இப்போது தோப்புகளில் மாவும் பலாவும் பழுத்துக் கிடக்கின்றன, யானைக்கும் கரடிக்கும் வாசனை எட்டிவிடும். தோப்புக்காரர்களே சாயங்காலம் தனியாகப் போக யோசிக்கிறார்கள். ஐப்பசி வரை அதை மறந்துவிட்டுக் கிழக்கே வாருங்கள்.

குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்கள் சைக்கிளையும் காரில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். தென்காசி – குற்றாலம் சாலையில் சனி, ஞாயிறு ஓட்டுவது வீண். சாரலில் நனைந்தபடி பண்பொழி, மேக்கரைப் பக்கம் போங்கள். அடவிநயினார் அணை வரை தோப்பும் வயலுமாக வரும், வண்டி குறைவு. அணைக்கு மேலே காடு, அங்கே வேண்டாம். திரும்பும்போது பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும். சைக்கிளில் எரித்ததைப் போல இரண்டு பங்கு அங்கே ஏறிவிடும்.

ஜூலை 7

பரோட்டாவைப் பற்றி மட்டும் பதினாறு பதில் வந்திருக்கிறது. பாதை பற்றி ஒன்றுகூட இல்லை.

ஜூலை 20

ஆடி அமாவாசைக்கு முன்பின் பாபநாசம் சாலையில் சைக்கிள் வேண்டாம். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஊரே போகும். பஸ், வேன், லாரி எல்லாம் வரிசை கட்டும். அந்த வாரம் திருப்புடைமருதூர் போங்கள். கடனாநதி தாமிரபரணியில் கலக்கிற இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள்ளே அடுக்கடுக்காகச் சுவரோவியமும் மரச்சிற்பமும் இருக்கின்றன. மருத மரங்களில் பறவை அடையும். 2005-ல் அதைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தார்கள், அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் காத்துத்தான் வந்தார்கள். முக்கூடலிலிருந்து ஆற்றை ஒட்டிப் போகிற பாதை சிறியது, ஆனால் மரநிழல் முழுக்க உண்டு. காற்றுக்கும் மறைவு.

செப்டம்பர் 14

மாஞ்சோலை மறுபடியும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 2024-ல் இறங்கிவிட்டார்கள், இனி காலிதானே, போனால் யார் கேட்பார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்து 1929-ல் ஆரம்பித்த தோட்டம், குத்தகை 2028-ல் முடிகிறது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வேலை செய்தவர்களில் பலர் வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கியிருக்கிறார்கள். அதைக் காலி இடம் என்று சைக்கிள் ஓட்டக் கணக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காடு காலியும் இல்லை. இதற்கு மேல் இந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

அக்டோபர் 26

மழை. கரை எல்லாம் களிமண்ணாகிவிட்டது. சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே மண் அடைத்தால் சைக்கிள் நகராது, குச்சியால் குத்தி எடுத்து இருபதடி போனால் மறுபடி அடைக்கும். வழுக்கினால் ஒரு பக்கம் குளம், மறுபக்கம் பத்தடிப் பள்ளம்.

கூந்தன்குளம் போகலாமா என்று கேட்டவருக்கு: தார்ச்சாலையிலேயே போகலாம், ஆனால் பறவை இனிமேல்தான் வரும். மார்கழி, தையில் போங்கள். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டும், ஊர்க்காரர்கள் அதற்காகப் பட்டாசு வெடிப்பதில்லை. நீங்களும் பெல் அடிக்காதீர்கள். கரடிக்கு அடிக்கச் சொன்னேன், இங்கே வேண்டாம். போதுமா குழப்பம்?

நவம்பர் 9

குளம் நிறைந்து வழிகிற மறுகால் ஓடையைக் கடக்கலாமா? கணுக்கால் அளவுதான் தண்ணீர், சைக்கிளில் பாய்ந்து போய்விடலாம் என்று படம் போட்டுக் கேட்டிருக்கிறார் ஒருவர்.

கூடாது. குளத்தின் உபரித் தண்ணீர் வெளியேறக் கட்டிய கலுங்கில் வழிகிற தண்ணீர் ஆழமில்லாமல் தெரியும், ஆனால் வேகம். கலுங்கின் கல் பாசி பிடித்தது. மேலே ஒரு குளம் உடைந்தால் கணுக்கால் தண்ணீர் இடுப்புக்கு வர நேரம் ஆகாது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தபோது மாவட்டம் முழுக்கக் குளங்கள் வரிசையாக உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்து, அதனால்தான் ஒன்று போனால் கீழே உள்ளதும் போகிறது. உடைப்பை அடைத்த இடங்கள் இன்றும் கரையில் தெரியும். அந்த இடத்தில் மட்டும் மண் புதுசு, சரளை பெரிசு, புல் இல்லை. காய்ந்த காலத்திலும் அங்கே பிரேக் பிடிக்காமல் நேராகப் போங்கள்.

நவம்பர் 10

நேற்றைய படத்துக்காரர், வேறு வழியில் சுற்றினால் 14 கிலோமீட்டர் அதிகம் என்கிறார். சுற்றுங்கள். சைக்கிள் ஓட்டத்தானே வந்தீர்கள்?

80 அடிக் கால்வாயில் தண்ணீர் விட்டதும் கரையில் ஆள் நடமாட்டம் கூடும், மடை திறப்பதில் தகராறும் நடக்கும். தண்ணீர் நிறுத்தி, கரை காய்ந்து, முள் வெட்டின பிறகு எந்த ரீச் ஓட்டலாம், எது மூடிக் கிடக்கிறது என்று மாசியில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதற்குள் யாராவது நாங்குநேரிப் பக்கம் போனால் கரையின் படம் மட்டும் போடுங்கள், சைக்கிளைச் சாய்த்து வைத்து எடுத்த படம் வேண்டாம்.